ஜெபத்தில் மட்டும் சொன்ன பெயர்

இன்று ஆற்காட்டிலிருந்து திரும்பும்போது மேல்விஷாரத்தில் ஒருவர் பேருந்தில் ஏறினார். எனக்கு முன்னிருக்கையில் அவர் உட்கார்ந்ததும் அந்த வாசனை வந்தது. ஊறிய ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் சேர்ந்த வாசனை. என் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். கிழவிக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்தாளோ என்னவோ, "நல்லா உக்காருங்கம்மா, உளுந்துடப் போறீங்க" என்றாள். இத்தனை வருஷம் கழித்து உங்கள் சட்டை எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

வேலூரில் அவர் இறங்கிப் போய்விட்டார். ஆம்பூர் வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் போர்டிங் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவள் என்று உங்களுக்கு எப்போதும் ஒரு கிண்டல் உண்டு. அங்கே மணியடித்தால் முட்டி போட வேண்டும். ஸ்தோத்திரம் முதலில், பாவ அறிக்கை அடுத்தது, விண்ணப்பம் அதற்கும் பிறகுதான். அந்த வரிசை மாறினால் வார்டன் காதைத் திருகுவார். அப்படிக் கற்ற ஜெபத்தோடு நான் உங்களைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி வேலை. சுண்ணாம்புத் தண்ணீருக்குள்ளும் பட்டைத் தண்ணீருக்குள்ளும் இறங்கி, ஊறிக் கனத்த தோல்களை இழுத்து இழுத்துப் போட வேண்டும். கை மட்டும் என்ன சோப்புப் போட்டாலும் போகாத பழுப்பு நிறம்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. சாயங்காலம் சோற்றை இறக்கி வைத்துவிட்டுக் குடும்ப ஜெபம். நான் ஆரம்பித்தால் எளிதில் முடிக்க மாட்டேன். நீங்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து சோற்றுப் பானையைப் பார்ப்பீர்கள். "எங்க வூட்டு ஐயரம்மா ஆரம்பிச்சா சோறு பழையதா பூடும்" என்று எல்லாரிடமும் சொல்வீர்கள். போதகர் மனைவியைத்தான் நம் சபையில் ஐயரம்மா என்று கூப்பிடுவோம். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். உங்கள் முறை வந்தால், "ஆண்டவரே, இன்னிக்கு நல்லா போச்சு. நாளைக்கும் பாத்துக்கோ. ஆமென்." அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வானத்தையும் பூமியையும் படைத்தவரிடம் 'பாத்துக்கோ' என்றா பேசுவது?

வந்த முதல் வாரத்தில் ஒரு ரகளை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஜெபத்தில் உங்களுக்காக வேண்டும்போது நான் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். உங்கள் அம்மா ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்துவிட்டார்கள். "இன்னாடா இது, புருஷன் பேர வாய் கூசாம சொல்றா! போர்டிங்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" நீங்கள் மட்டும் அசையவில்லை. "இப்போ இன்னா ஆயிடுச்சு? எங்கிட்டயா சொன்னா? ஆண்டவர் கிட்டதான சொன்னா. ஊர்ல எத்தினி பொம்பளைங்க புருஷனுக்காக வேண்டிக்கிறாங்க. பேரு சொல்லாட்டி எந்தப் புருஷன்னு அவருக்குத் தெரியும்?" என்றீர்கள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அது எனக்கு உரிமையாகிவிட்டது. தெருவில், கடையில், உறவுக்காரர் நடுவில் ஒருநாளும் உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. ஜெபத்தில் மட்டும் சொல்வேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் லேசாக வெட்கப்படுவேன். அது உங்களுக்குத் தெரியாது.

பிறகு பாப்பா பிறந்தாள். பேச ஆரம்பித்து, ஆமென் என்பதை "ஆமே" என்று சொல்லப் பழகியிருந்த வயதில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் எனக்குத் தெரிந்த ஜெபம் அத்தனையும் ஜெபித்தேன். வரிசை தவறாமல், ஒரு வார்த்தை குறையாமல் ஜெபித்தேன். நீங்கள் சுவரில் சாய்ந்து, "பாத்துக்கோ, பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பாப்பா போய்விட்டாள். அவளை உங்கள் தோளில் போட்டுக்கொண்டுதான் திரும்பி வந்தோம். தூங்குகிற குழந்தையைப் பிடிப்பது போலவே நீங்கள் அவள் தலையைப் பிடித்திருந்தீர்கள்.

அதோடு என் ஜெபம் நின்றுவிட்டது. முட்டி போட்டால் ஸ்தோத்திரம் வரவில்லை. எதற்கு ஸ்தோத்திரம் என்று கேட்டேன். எழுந்துவிட்டேன். பிடியரிசியையும் நிறுத்திவிட்டேன். உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைக் கோயிலுக்கென்று தனிப்பானையில் போட்டு, வீட்டில் உள்ளவர்களுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்வது நம் பெண்களின் வழக்கம். சனிக்கிழமை மாதர் சங்கத்து லில்லி வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்தவளிடம், "ஒண்ணும் இல்ல லில்லி, நான் போடறத உட்டுட்டேன்" என்றேன். அவள் நம்பாமல் மூடியைத் திறந்தாள். "இன்னாக்கா இப்படிச் சொல்ற? பானை ரொம்பி இருக்குது." ஒரு கை அள்ளினாள். மோந்து பார்த்தாள். "இன்னாக்கா இது, அரிசில பட்ட வாசன அடிக்குது?"

மறுநாள் விடிகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போனீர்கள். அந்தப் பழுப்புக் கையால் ஒரு பிடி அரிசி எடுத்துப் பானையில் போட்டீர்கள். அப்புறம் அங்கேயே குந்திக்கொண்டு பேசினீர்கள். "ஆண்டவரே, இது அவளுது. அவ உங்கிட்ட பேசல. எங்கிட்டயுந்தான் ஜாஸ்தி பேசல. கோச்சுக்காத. பெத்தவ இல்ல? அவ பேசற வரைக்கும் அவளுக்கும் சேத்து நானே வந்து சொல்லிட்டுப் போறேன்." கடைசியில் என் பெயரைச் சொன்னீர்கள். வீட்டில் "இந்தா", "இன்னாமே" என்றுதான் எனக்குப் பெயர். நீங்கள் என் முழுப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே எழுந்து ஜெபித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். மாதக்கணக்கில் ஆயிற்று. எனக்காக நீங்கள் பேசுவதை நான் தினமும் கண்மூடிக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். திரும்பி வந்த ஜெபம் பழைய வரிசையில் வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் தொட்டி ஓரம் வழுக்கி, சுண்ணாம்புப் புண்ணோடு நீங்கள் நொண்டி நொண்டி வந்தீர்கள். மறுநாள் நீங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு பயம் தாங்காமல் முட்டி போட்டேன். உங்கள் பெயரைச் சொல்லி, "அவர் கால் வழுக்காம பாத்துக்கோ" என்றேன். பாத்துக்கோ என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு பையன் பிறந்தான், வளர்ந்தான். நான் மாதர் சங்கத்தில் மறுபடியும் ஜெபம் ஏறெடுக்க ஆரம்பித்தேன். தினமும் உங்கள் காலுக்கான அந்த ஒரு வரி மட்டும் மாறவே இல்லை.

எண்பதுகள் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் தண்ணி குடு" என்றீர்கள். நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சில மாதம் கழித்து மாதர் சங்கக் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நோயாளிகள், விதவைகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாய் பழகின வழியில் போய்விட்டது. உங்கள் பெயரைச் சொல்லி, "தொட்டி வேலையில கால் வழுக்காம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் யாரோ விம்மினார்கள். நான் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயரம்மா நல்லவர். என்னைத் தனியாக அழைத்துத் தோளைத் தடவிக்கொடுத்தார். "அவர் ஆண்டவர் கிட்ட போய்ட்டாரும்மா. போனவங்களுக்காக வேண்டிக்கிறது நம்ம சபையில வழக்கம் இல்ல. உனக்கு ஆறுதல் வேணும்னு கேளு, அது போதும்" என்றார். அவர் சொன்னது சபையின் போதனை. எனக்கே தெரிந்ததுதான். ஆனாலும் அன்று அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போகலாம் போலிருந்தது. உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு இந்தப் பூமியில் இருந்தது ஒரே இடம். அதையும் மூடிவிட்டார்கள்.

சொன்னபடி கேட்கத்தான் பார்த்தேன். பையனுக்காகக் கேட்பேன், அண்டை வீட்டுக்காகக் கேட்பேன். உங்கள் இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். மூடினால் அதற்கு மேலே எதுவும் வராது. இருட்டில் இறங்கும்போது படி ஒன்று குறைந்த மாதிரி உடம்பு தூக்கிப்போடும். பாதியில் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். பாப்பா போன பிறகு வந்த ஊமைத்தனம் மறுபடியும் வந்துவிட்டது என்று பயந்தேன். இந்த முறை எனக்கும் சேர்த்துப் பேச அடுப்படியில் யாரும் இல்லை.

ஒரு காலையில் எதையும் கேட்கத் தோன்றாமல் முட்டி போட்டிருந்தேன். வாயில் உங்கள் பெயர் வந்துவிட்டது. வந்த பிறகு பின்னால் என்ன சொல்வது என்று தேடினேன். வழுக்கி விழ இனி தொட்டி இல்லை. காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி இல்லை. உங்களுக்காகக் கேட்க என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை. ஒன்றும் கேட்காததால் சபைக்கும் நான் தப்புச் செய்யவில்லை. பெயரை மட்டும் ஆண்டவர் முன்னால் சொல்லிவிட்டு, அப்படியே இருந்தேன். அது வரைக்கும் அவரிடம் நான் போனதெல்லாம் எதையாவது வாங்கிக்கொண்டு வரத்தான். ஒன்றும் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். துக்கம் குறையவில்லை. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரிந்தது.

இப்போதும் அப்படித்தான். பையனுக்கு, மருமகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அப்புறம் பாப்பா பெயர். அதற்குப் பின்னால் உங்கள் பெயர். உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்பதில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஆமென் மட்டும் சொல்வதில்லை. சொன்னால் முடிந்துவிடும்.