இரண்டாம் துணைப்புரதம் குறித்து இருமுனைக் கோட்டைக்கு விடுத்த ஓலை

நலம் நிலைப்பதாக. கருவேய் நாடாளும் தழல்முடிச் சேந்தரின் திருவுளப்படி, மூத்த அமைச்சர் பனையன் கீரனார், தேமாறு பிறக்கும் மலையடியில் இருமுனைக் கோட்டையைக் காத்து நிற்கும் தண்டத்தலைவர் வேட்டனாருக்கு விடுக்கும் ஓலை. உம் மதில் உறுதியாய் நிற்க. உம் வீரரும் அவர்தம் குடிகளும் உயிரோடிருக்க. இதற்கு மேல் வாழ்த்துரைக்க இவ்வேளை இடங்கொடுக்கவில்லை. இதனை அவையில் வாசிக்கச் செய்யாது, தனித்திருந்து நீரே படிப்பீராக.

நாற்பது நாளுக்கு முன் உமக்கு அனுப்பிய மலைப்பாசிச் சாறு, உம் கோட்டையில் பரவிய கழிச்சல் காய்ச்சலை மூன்றே நாளில் தணித்தது என்று நீர் எழுதிய மறுமொழி வந்தபோது, அவை மகிழ்ந்தது. ஒருவர் மட்டும் மகிழவில்லை. அவர் அரண்மனை மருத்துவர் எயினி நங்கையார். அச்சாற்றைக் கண்டறிந்தவரே அவர்தாம் ஆதலால், அவர் ஏன் மகிழவில்லை என்பதை நீர் முதலில் அறிய வேண்டும்.

பதினோராண்டு பளிங்குக் கருவியில் கண் பதித்து அவர் கண்டது இது. இக்காய்ச்சலைத் தரும் கிருமிக்கு ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு உறைகள் உண்டு. வெளியுறை மருந்தை உள்ளே விடாது. அவ்வுறையில் பதிந்த புரதங்களே கிருமி உணவு கொள்ளும் வாயில்கள். அப்புரதங்கள் பிறப்பதோ கிருமியின் உள்ளே, மடிப்பில்லா நீண்ட இழைகளாக. உள்ளுறையைத் தாண்டி, இரண்டு உறைக்கும் நடுவிலுள்ள ஈரவெளியில் வந்து விழும் இழையைத் தனியே விட்டால், அது தன்னோடு தானே சிக்கி முடிச்சாகிவிடும். அவ்வாறு ஆகாதபடி துணைப்புரதம் என்னும் வேறொரு புரதம் அதை ஏந்திப் பிடித்து வெளியுறைவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே காத்திருக்கும் பொருத்துபுரதங்கள் இழையை வாங்கி வளைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, குழாய் வடிவாக்கி உறையில் பதிக்கின்றன. மலைப்பாசிச் சாறு அத்துணைப்புரதத்தின் பிடியைத் தளர்த்தியது. இழைகள் சிக்கின, வெளியுறை இற்றது, அதுவரை நுழையாத பழைய மருந்துகள் நுழைந்து கிருமியைக் கொன்றன.

ஆயினும் அவர் கிருமி வளர்த்த கலங்களுள் ஒன்றில், சாறு ஊற்றிய பின்னும் சில கிருமிகள் மெலிந்தபடி உயிர் வைத்திருந்தன. காரணம் விளங்கும்வரை ஒரு திங்கள் பொறுக்குமாறு எயினி நங்கையார் அவையை வேண்டினார். இந்நகரிலும் அதே காய்ச்சலால் பிணம் தூக்க ஆளில்லாத வேளையில் ஒரு கலத்தைக் காட்டி மருந்தைப் பூட்டி வைப்பது அறமன்று என்று அமைச்சர் கீரனார், அதாவது இவ்வோலை விடுப்பவர், கூறினார். நங்கையார் எதிர்வாதம் செய்யவில்லை. தெருவின் அழுகுரல் அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அந்நாளே சாறு நகரெங்கும் வழங்கப்பட்டது. உம் கோட்டைக்கும் படகேறியது.

நங்கையாரின் கணவர் பொலனார், நோயாளருக்குக் கஞ்சி ஊட்டி, அழுக்குத் துணி அலசிப் பணி செய்தவர், மறு கிழமையே காய்ச்சலில் விழுந்தார். நங்கையார் தம் கையாலேயே சாற்றைப் புகட்டினார். மூன்றாம் நாள் பொலனார் எழுந்து உட்கார்ந்து ஊறுகாய் கேட்டார். ஒன்பதாம் நாள் மீண்டும் விழுந்தார். இம்முறை சாறு ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் செய்வதறியாது நின்ற மனைவியை நோக்கி அவர் சொன்னதை அங்கிருந்த பணிமகள் அவ்வண்ணமே வந்து உரைத்தாள்.

“அழுதுகொண்டு நிற்காதே, எயினி. எனக்குள் இருப்பதை எடுத்துப் பார். நான் இருக்கும்போதே பார்.”

அவர் பார்த்தார். கணவரின் உடலிலிருந்து எடுத்த கிருமிகளில் முதல் துணைப்புரதம் செயலற்றே கிடந்தது. ஆயினும் வாயில்கள் பதிந்துகொண்டிருந்தன. இழைகளைச் சுமந்தது அளவிற் சிறிய வேறொரு துணைப்புரதம். மூன்று கைகளால் இழையைப் பொத்திப் பிடிக்கும் அது, அதுகாறும் வழியில் தவறி விழுந்தவற்றை மட்டுமே ஏந்தி வந்தது. முதலாவது வீழ்ந்ததும் முழுச்சுமையையும் அது ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தில் தடுமாறிற்று; சாறு குடித்த உடல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவத் தாவ, தேர்ந்துகொண்டது.

அவ்விரண்டாவதைத் தடுக்கவல்ல கடற்பூஞ்சைச் சாற்றை நங்கையார் கண்டறிந்தபோது, பொலனார் இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. இரண்டு சாற்றையும் ஒருசேரக் கொடுத்தால் இழைகளைச் சுமக்க எதுவுமின்றி, நடுவெளியே முடிச்சுகளால் அடைபட்டுக் கிருமி மடிகிறது. ஒன்றை மட்டும் கொடுத்தாலோ, எஞ்சிய துணைக்கு நாமே பயிற்சி அளித்தவராவோம். அவையில் நின்று, அமைச்சரின் முகத்தைப் பார்த்து, அவர் சொன்னது வருமாறு:

“ஒன்றைத் தடுத்தோம், சுமக்க இன்னொன்று இருந்தது. அதை வலுவாக்கியதும் நாம்தான், அமைச்சரே. இங்கே என் கணவர் மீண்டும் விழ ஒன்பது நாள். மலையடியில் நோய் தணிந்த பின்னும், ஒரு திங்களுக்கு மேலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.”

அன்றே இந்நகரில் அச்சாற்றை நிறுத்தினோம். வேட்டனாரே, உம் கோட்டையில் இப்பொழுது நோயில்லை என்று நீர் எழுதினீர். அது நோயின்மையன்று, இரண்டாம் துணை தேர்ந்துவரும் இடைவேளை என அஞ்சுகிறோம். உம் கோட்டைக் கழிவு தேமாற்றில் கலக்கிறது; அந்நீரைக் குடிக்கும் ஊர்கள் முப்பத்திரண்டு; அவற்றின் கடைசியில் இந்நகர்.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட பொழுதே மலைப்பாசிச் சாறு வழங்குவதை நிறுத்துக. எஞ்சியதை ஊற்றிவிடாது, இரண்டாம் சாற்றோடு சேர்த்துக் கொடுக்க முத்திரையிட்டு வைக்க. கழிவுநீர் ஆற்றில் இறங்காதபடி மடையை அடைத்துக் குழி வெட்டுக. கோட்டையினின்று ஒருவரும், ஒரு படகும், ஒரு துணி மூட்டையும் வெளியேற வேண்டா. எயினி நங்கையார் கடற்பூஞ்சைச் சாற்றுடன் புறப்பட்டுவிட்டார். ஐந்தாம் நாள் உம் நீர்வாயிலை அடைவார். வேறு மருத்துவரை அனுப்புவதாக மன்னர் சொன்னபோது, அளவறிந்து கொடுக்க வேறு எவரும் இல்லை என்று கூறி அவர் மறுத்தார். கொண்டுவரும் சாறு உம் கோட்டையில் பாதிப் பேருக்கே போதும் என்பதை நீர் அவரிடமிருந்து அறிவதினும் எம்மிடமிருந்து அறிவது நன்று.

அவர் உள்ளே வந்ததும் வாயிலை அடைத்துக் கல் அடுக்குக. இது அவரே கேட்டுக்கொண்டது. கிருமி அற்றது என்று அவர் கைப்பட எழுதிக் காட்டும்வரை, உம் வீரர் கெஞ்சினும், பிள்ளைகள் அழினும், அதைத் திறக்கலாகாது. இந்த அமைச்சன் முன்பு ஒருமுறை அழுகுரல் கேட்டு முடிவெடுத்தவன். ஆதலால், அதற்கு முன் இதே கையெழுத்தில், இதே முத்திரையுடன் பின்னொரு ஓலை வருமாயின், அது வாயிலைத் திறக்கச் சொல்வதாகவே கொண்டு, பிரிக்காமலே எரித்துவிடுக.

தழல்முடிச் சேந்தரின் மூங்கில் முத்திரை பதித்தோம். சொன்னது சொன்னபடி நடப்பதாக.