கதவுக்கு அடியில் தள்ளிய தாள்கள்

அன்பு மருமகளே,

இதெல்லாம் நடக்கும் என்று காலையிலேயே கணித்துவிட்டேன். தேர்வுக்குக் கிளம்பும்போது மூன்று தடவை தண்ணீர் குடித்தாயே! டாக்டர்களே என்னிடம் பாடம் கேட்க வேண்டும்.

தேர்விலிருந்து பாதியில் ஓடிவந்து, "மாமா, நெஞ்சு படபடங்குது, செத்துடுவேன் போல இருக்கு" என்று குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டாய். நான் கதவைத் தட்டினால், "கத்தாதீங்க மாமா" என்றாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் இதேதான் வந்தது. பஸ் ஓட்டிய காலம். பாலத்தின் நடுவில் நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல்கள் மரத்துப்போயின. உள்ளே அறுபது பேர். நான் பாட்டுப் பாடிக்கொண்டே ஒற்றைக் கையால் டிப்போ வரை ஓட்டினேன்! ஐந்தே நிமிடத்தில் அடங்கிவிட்டது.

மூச்சை மெதுவாக விடு. அழுகைச் சத்தம் ஏன் நின்றுவிட்டது? இந்தத் தாளை உள்ளே தள்ளுகிறேன். பேச வேண்டாம், படித்ததும் கதவை ஒரு தட்டு தட்டு.

அப்பாடா, தட்டிவிட்டாய். இதோ, இரண்டாவது தாள்.

பாலத்தில் நான் பாடவில்லை அம்மாடி. பஸ்ஸை நிறுத்தி இறங்கி, தரையில் உட்கார்ந்து அழுதேன். முட்டிவலி என்று ஊரெல்லாம் சொல்லி வேலையை விட்டேன். அன்றைக்குக் கண்டக்டர் இறங்கி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நானும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கதவுக்கு வெளியே,
மாமா