தண்ணீரில் தொங்கும் பிரஷ்

பெங்களூர்
12.2.1996

அன்பு மித்ராவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கால் வீக்கம் வடிந்ததா, பாப்பா சாப்பிடுகிறாளா என்று முதலில் எழுது.

காக்ஸ் டவுனில் ரோசலின் டீச்சர் வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்கு எனாமல் பெயின்ட் அடிக்கிறேன். முதல் பூச்சு காய ஒரு நாள் ஆகும். அதுவரை பிரஷ்ஷைக் கழுவாமல், முடி அடியில் முட்டாதபடி கம்பியில் கோத்துத் தண்ணீர் பாட்டிலுக்குள் தொங்கவிடுவேன். காற்றுப் படாததால் இறுகாது.

நான் கிளம்பிய பிறகு டீச்சர் அந்த இரண்டு பிரஷ்ஷையும் எடுத்து வெயிலில் வைத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் இரண்டும் கட்டை.

"ஊறிப்போயிடுமேன்னு காய வெச்சேம்பா" என்றார். எப்படிக் கோபப்படுவது? நீலசந்திராவில் என் அறையில் இன்னொரு பிரஷ் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்தேன்.

அந்த ஒன்றிலேயே இரண்டாம் பூச்சை முடித்தேன். ஒரு முடி உதிரவில்லை, ஒரு கோடு விழவில்லை. காய்ந்ததும் டீச்சர் அலமாரிக் கதவைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"யார்கிட்டப்பா கத்துக்கினே?"

"நானேதான் டீச்சர்."

எதிர்வீட்டிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் வர முடியாது.

பிரஷ் துடைக்க இங்கே மெத்தென்ற துணி கிடைப்பதில்லை. உன் பழைய நூல் புடவை ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

எனக்கு வேலை பிடித்துத் தரும் மேஸ்திரி வாசலில் நின்று கூப்பிடுகிறார். புடவையை மறக்காதே. துடைக்க வேறு துணி பார்த்துக்கொள்கிறேன்.

உன்
கஜேந்திரன்