கழிவு லாரியில் என் இடப்பக்கம் உட்கார்ந்தவளுக்கு

இன்று காலை யார்டில் புதிதாக வந்த நீல மருந்து கேனைத் திறந்தார்கள். மூடியைத் திருகியதும் அந்த நெடி மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஒவ்வொரு கழிப்பறைத் தொட்டிக்கும் இரண்டு மடங்கு ஊற்றச் சொன்னான் புது சூப்பர்வைசர். நீ வேலைக்கு வந்த முதல் வாரமே இதைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. "நாத்தத்த இது போக்காது பாய். அதும்மேல போர்வைய போத்தி உடும், அவ்ளோதான்."

நீ வந்த நாளில் நான் உன்னைப் பெரிதாக மதிக்கவில்லை. டோல்கேட் பக்கம் வீடு, முப்பது வருடம் சரக்கு லாரி ஓட்டிய கை, கடைசியில் மலம் உறிஞ்சும் லாரிக்கு வந்து சேர்ந்தோமே என்ற கசப்பில் இருந்தவன் நான். நீ முகத்துவாரக்குப்பத்துக்காரி. ஓடையில் கையால் தடவிப் பிடிக்கும் இறால் குறைந்து, உன் வீட்டுக்காரர் கொண்டுவருவது போதாமல் போனபோது இந்த வேலைக்கு வந்தாய். கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் திருவிழாக்களிலும் கம்பெனி வாடகைக்கு வைக்கும் பிளாஸ்டிக் கழிப்பறைகளைக் கழுவுவது உன் வேலை. அவற்றின் தொட்டியை உறிஞ்சி, கழிவுநீர் நிலையத்தில் கொண்டுபோய் விடுவது என் வேலை.

திருவொற்றியூரில் பாலம் கட்டும் இடம் நினைவிருக்கிறதா? ஆறு கழிப்பறைகள் வெயிலில் வரிசையாக நின்றன. மதியத்தில் பத்தடி தள்ளி நின்றாலே குமட்டும். அங்கே கம்பி கட்டும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பதை நீதான் கவனித்தாய். ஒருத்தியிடம் உன் பாட்டிலை நீட்டியபோது, "வேணாக்கா. குடிச்சா அதுக்குள்ள போவணும்" என்றாள். லாரிக்குத் திரும்பி வந்த உன் முகம் சரியில்லை.

"நாம கழுவி இன்னா பிரயோஜனம் பாய்? அதுங்க உள்ளயே போவாம கெடக்குதுங்க."

மறுநாள் ஏணி கேட்டு வாங்கி மேலே ஏறினாய். தொட்டிக் காற்றை வெளியே கொண்டுபோகும் குழாயின் வாயில் கட்டிய வலை, செத்த ஈயும் சிமெண்டுத் தூசியும் சேர்ந்து அடைத்துக் கிடந்தது. மாதக்கணக்கில் யாரும் ஏறிப் பார்த்ததில்லை. நானும்தான். ஆறு வலைகளையும் தேய்த்துக் கழுவினாய். மேஸ்திரியிடம் மல்லுக்கட்டிப் பச்சைத் துணி வாங்கி, தொட்டி சூடேறாமல் இருக்கக் கூரைக்கு மேல் நிழல் கட்டினாய். நாப்கினுக்கும் துணிக்கும் மூடி போட்ட தனி வாளி வைத்தாய். அதற்கப்புறம் என் உறிஞ்சு குழாய் அடைக்கவே இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை உறிஞ்சியதைத் தினமும் செய்யச் சொல்லி என்னைப் பேஜார் பண்ணினாய். நீல மருந்தைப் பாதியாகக் குறைத்தாய். அதை அதிகம் ஊற்றினால் நிலையத்தில் கழிவைத் தின்னும் கிருமிகள் செத்துப்போகின்றன என்று அங்கே வேலை செய்பவர் சொன்னதை நான் பத்துத் தடவை கேட்டிருந்தேன். நீ ஒரே தடவைதான் கேட்டாய்.

நாற்றம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் உன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்ததை லாரிக்குள் இருந்து பார்த்தேன். எண்ணூர் வரைக்கும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். கழிவுநீர் நிலையத்தின் வாசலில் அன்று லாரி வரிசை நகரவே இல்லை. ஆபீசிலிருந்து போன் மேல் போன். அடுத்த சைட் காத்திருக்கிறது, எங்கேயாவது விட்டுவிட்டு வா என்றார்கள். எங்கேயாவது என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். நீ வருவதற்கு முன் இரண்டு முறை ஓடையில் விட்டிருக்கிறேன். உன்னிடம் அதைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எண்ணூர் ஓடைக்கரையில் லாரியை ஓரங்கட்டினேன். "இங்க இன்னாத்துக்கு நிறுத்துற?" என்றாய். இறங்கிக் குழாயை இழுத்தேன். நீயும் இறங்கி வந்தாய். கத்துவாய், குழாயைப் பிடுங்குவாய் என்று நினைத்தேன். நீ செல்போனை எடுத்தாய்.

"ஒரு நிமிசம் இரு பாய். அவரு கீழ எறா தடவிகினு கீறாரு. கழுத்து வரிக்கும் தண்ணில நிப்பாரு. போன் கரையில பையில கீது, யாராச்சும் எடுப்பாங்க. மேல ஏறச் சொல்லிடுறேன். அப்பால நீ தொறந்து உடு."

அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே நீ அழைத்துக்கொண்டிருந்தாய். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாய். நான் குழாயைச் சுருட்டி மாட்டினேன்.

திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றோம். யார்டுக்கு வந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று முதலாளி கேட்டார். என் வயது, இனி வேறு எங்கே வேலை கிடைக்கும், மகள் கல்யாணம் என்று என்னென்னவோ ஒரு நொடியில் மனதில் ஓடிற்று. "அந்தம்மாதான் தொறக்க உடல சார்" என்றேன். நீ பக்கத்திலேயே நின்றிருந்தாய். மூன்று வாரம் உன்னை லாரியிலிருந்து இறக்கி, பழைய தொட்டிகளைச் சுரண்ட விட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கலாமென்று ஒருநாள் உன்னருகே வந்து நின்றேன். நீ நிமிராமலே சொன்னாய்: "நீ இன்னா பொய்யா சொன்ன? நாந்தான உடல."

ஆடி மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் இரண்டுமே போய்விட்டது என்றார் டாக்டர். ஊரையெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொன்னவள் நீ. காலையில் லாரியில் ஏறினால் சாயங்காலம் வரை நீ எங்கே போவாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நாம் கழுவும் கழிப்பறைகளை நாமே உபயோகிக்கக் கூடாது என்று சில சைட்டுகளில் கண்டிப்பே இருந்தது. அதனால்தான் இப்படி ஆனதா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. கேட்காமல் இருந்தேன் என்பது மட்டும் தெரியும். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, "துன்னியா பாய்?" என்றாய். அவ்வளவுதான் பேச முடிந்தது உன்னால்.

கருமாதி முடிந்து உன் வீட்டுக்காரர் யார்டுக்கு வந்தார், கம்பெனி கொடுத்த உன் சட்டையையும் பூட்ஸையும் ஒப்படைக்க. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரலெல்லாம் எறா குத்திய தழும்பு.

"குப்பத்துல எல்லாருக்கும் உன்னத் தெரியும் பாய். கரையில லாரி வந்து நின்னாலே எங்காளுங்க பயந்துகினு மேல ஏறிடுவாங்க. பாய் வண்டின்னா பயப்படாதீங்க, அவரு ஓடையில உட மாட்டாருன்னு அது சொல்லிகினே இருக்கும்."

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நீ வீட்டில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கு அலுத்துவிட்டதம்மா. முட்டி வீங்கிக் கிடக்கிறது. உன் இடத்துக்கு வந்த மூன்று பேரும் ஒரு மாதம் தாண்டவில்லை. ஏணியில் நானே ஏறி வலைகளைக் கழுவுகிறேன். மருந்தைக் குறைத்து ஊற்றச் சொல்லி சூப்பர்வைசரோடு தினமும் தகராறு. ஆபீஸ் போன் இன்னும் அப்படித்தான் கத்துகிறது. அதை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நிலையத்தின் வாசலில் என் முறை வரும்வரை நிற்கிறேன். சில நாள் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று.

ஓடையில் விடவே மாட்டான் என்று நீ குப்பத்தில் சொல்லிவைத்த அந்த மனிதனை நான் பார்த்ததில்லை. ஆனால் அவனுக்குப் பதிலாகத் தினமும் நான்தான் போய் நிற்கிறேன்.