இந்துவுக்குச் சேர வேண்டியது

ராஜபாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் இந்துவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் பொன்னுராஜ் மாமா வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். உன் கால் கொப்புளம் ஆறியதா, சப்பாத்தி தொண்டையில் இறங்குகிறதா, பஞ்சாப்பில் குளிர் தொடங்கிவிட்டதா என்பதுதான் தினமும் கம்பெனி வேன் ஏறும்போது எனக்கு முதல் நினைப்பு. போன ஞாயிறு நீ போனில் கூப்பிட்டபோது ஜெயித்துவிட்டோம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது, முழுசுமா என்று நீ கேட்டாய், ஆமாம் என்பதற்குள் பின்னால் நின்ற பிள்ளை அவசரப்படுத்த நீ வைத்துவிட்டாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும் என்று. முதலில் விஷயம்: உன் அப்பா உனக்குத் தர வேண்டியது முழுவதும், வட்டியோடு, கோர்ட்டு வழியாக உன் பெயரிலேயே பேங்கில் விழுந்துவிட்டது. ஓடிபி என்று யாராவது போனில் கேட்டால் உன் படைத் தலைவரே ஆனாலும் சொல்லாதே.

இதை ஆரம்பித்தது நீதான், நான் இல்லை. உன் மூன்றாம் வகுப்பில் விவாகரத்துக் கொடுத்த கோர்ட்டு, உனக்குப் பதினெட்டு முடியும்வரை மாதாமாதம் வளர்ப்புச் செலவு தரவேண்டும் என்று அவருக்கு உத்தரவு போட்டது. நாலைந்து மாதம் வந்தது, பிறகு நின்றது. அவர் திருப்பூரில் பனியன் யூனிட் வைத்து நன்றாகத்தான் இருந்தார். நான் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனால் பேண்டேஜ் கம்பெனியில் ஒருநாள் சம்பளம் போகும், இரண்டு தடவை போய்விட்டு விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் அவ்வளவு மார்க் வாங்கியும் நர்சிங் சேர முடியாமல் நீ என்னோடு வந்து பேண்டேஜ் ரோல் மடித்தாயே, அந்த வருடம்தான் கேட்டாய், கோர்ட்டு சொன்னது எனக்குத்தானே அம்மா, அப்ப நான் கேக்கேன் என்று. விட்டுத்தள்ளுடி, அந்தக் காசு இல்லாமலா வளர்ந்தே என்றேன். நான் என்ன பிச்சையா கேக்கேன் என்றாய். ஜெயசித்ரா வக்கீலம்மாவைத் தேடிப்பிடித்து, மேஜரான மகள் தன் பெயரிலேயே கேட்கலாம், ஆனால் பன்னிரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்ததும் நீதான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பழைய வருடங்களின் பாக்கி கைவிட்டுப் போயிருக்குமாம். மனுவில் கையெழுத்துப் போட்டு, எனக்கு பவர் எழுதிக் கொடுத்துவிட்டு நீ படைப் பயிற்சிக்கு ரயில் ஏறிவிட்டாய்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நீ துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாய். கோர்ட்டு நோட்டீசை ஆள் இல்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். வக்கீலம்மா சளைக்கவில்லை, கூமாப்பட்டியில் அவர் தன் பெயரில் வாங்கியிருந்த தென்னந்தோப்பை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கி, அதைப் பத்திர ஆபீஸிலும் ஏற வைத்துவிட்டார். திருப்பூரில் அவருக்கு ஏதோ கடன் நெருக்கடி, தோப்பை விற்க ஆள் பிடித்து முன்பணமும் வாங்கிவிட்டார். வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் முதல் வரியிலேயே உன் பெயர். சாம்சன் மகள் இந்து என்று இருந்ததாம். அந்த மனிதர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருடமாக நாம் இருக்கிற தெரு தெரியாத மனிதர், அடுத்த வாரமே சபை மூப்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தலை பாதி நரைத்திருக்கிறது. பாதியை இப்பவே தாரேன், மீதியைப் பாப்பா கல்யாணத்துக்கு நகையாப் போடுதேன், கேஸை வாபஸ் வாங்கச் சொல்லு என்றார். மூப்பரும் வேத வசனம் எல்லாம் சொன்னார். மாமாவுக்கே மனம் ஆடியது, பூரணம், பாதியாவது கைக்கு வருதுல்ல, வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரு என்று என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வெளியே வந்து, மனு போட்டவ நான் இல்ல, அவகிட்டக் கேட்டுத்தான் சொல்லணும் என்றேன். அந்த ஞாயிறு நீ போனில் சொன்னது, முழுசும், கோர்ட்டு வழியா, நகை வேண்டாம், அவ்வளவுதான். பதில் கேட்டு அவர் மறுபடி வந்தபோது அதை அப்படியே சொன்னேன், நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவர் எழுந்து போய்விட்டார், கொடுத்த காப்பியைக் கூடத் தொடவில்லை.

பிறகுதான் அவர் ஒரு புதுக் கதை கொண்டுவந்தார். பணத்தை நான் நிறுத்தவே இல்லை, வன்னியம்பட்டியில் இருக்கும் என் அக்கா தங்கபாய் கையில் மாதாமாதம் கொடுத்து அனுப்பினேன், அக்காவே வந்து சாட்சி சொல்வாள் என்று மனு போட்டார். கோர்ட்டுக்குத் தெரிவிக்காமல் கையில் கொடுத்தது கணக்கில் வராது என்று நம்ம வக்கீலம்மா எதிர்த்தார், இருந்தாலும் நீதிபதி அம்மா அந்தச் சாட்சியைக் கேட்டுவிடுவோம் என்றார். உன் அத்தையோடு நமக்குப் பேச்சுவார்த்தை நின்று எவ்வளவோ காலம். அவளோ தம்பி தயவில் அந்தப் பழைய வீட்டில் ஒற்றையாய் இருக்கிறவள், தம்பி சொன்னதைத் தாண்டினால் இருக்க இடம் கிடையாது. அவள் ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நம்மைப் பொய்க்காரிகள் ஆக்கிவிடலாம்.

ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுவாரம் வாய்தா. அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் வக்கீல், உங்க தம்பி மாசாமாசம் உங்க கையில பணம் தந்து அந்தப் பிள்ளைகிட்ட சேக்கச் சொன்னாருல்லம்மா என்று கேட்டார். தங்கபாய் மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரலை என்றாள். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார் அவர். யோசிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன் என்றாள். இந்து பத்தாவது பாஸ் பண்ணினப்ப பீஸ் கட்ட ஏதாச்சும் அனுப்புலேன்னு நாந்தான் இவனுக்குப் போன் அடிச்சேன், மறுநாளே என் நம்பரை பிளாக் பண்ணிட்டான், சாட்சி சொல்லணும்னுதான் இப்பத் திறந்து விட்டிருக்கான் என்றாள். கோர்ட்டில் சிரிப்பு. சத்தம் போடாதீங்க என்று சொன்ன நீதிபதி அம்மாவே குனிந்து எதையோ எழுதுவது போல் இருந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் உனக்காகக் கேட்டாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கூண்டை விட்டு இறங்கியவள் தம்பி பக்கம் திரும்பாமல் நேரே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். நகந்து உக்காருட்டி என்றாள். நகர்ந்துகொண்டேன்.

அவர் வக்கீல் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார், அந்தப் பெண் வளர்ந்து ஆளாகி சர்க்கார் உடுப்புப் போட்டுச் சம்பளம் வாங்குகிறாள், இனிமேல் எதற்கு வளர்ப்புச் செலவு என்று. நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டு, வளர்ந்துட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க, யாரு வளர்த்தது என்று கேட்டார். அந்த நேரம் மதினி என் முழங்கையைப் பிடித்தாள் பார், வலித்துவிட்டது. மகள் குழந்தையாக இருந்தபோது தந்திருக்க வேண்டிய பாக்கி, மகள் பெரியவளாகிவிட்டதால் கழிந்துவிடாது, முழுவதையும் வட்டியோடு கட்டாவிட்டால் தோப்பு ஏலத்துக்குப் போகும் என்று உத்தரவாகிவிட்டது. ஏலம் என்றதும் எங்கே பிடித்தாரோ, கெடு முடியும் முன்பே கொண்டுவந்து கட்டிவிட்டார்.

கட்டிய அன்று வராந்தாவில் என்னிடம் வந்தார். மாமா எனக்கு முன்னால் வந்து நிற்கப் பார்த்தார், நான்தான் இருங்கண்ணே என்றேன். பாப்பா என்னையப் பத்தி எதுவும் கேப்பாளா என்றார். கேட்டாளே, கோர்ட்டுல என்றேன். வாய் தவறி வந்துவிட்டது, ஆனால் வந்ததற்கு எனக்கு வருத்தம் இல்லை. பிறகு உன் விலாசம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கோபத்தில் இல்லை, உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. கொடுக்கலாமா வேண்டாமா என்பதை நீ யோசித்து எழுது, எதுவானாலும் எனக்குச் சம்மதம். அவரைப் பார்த்தால் நான் நடுங்குவேன் என்று பல வருடம் நினைத்திருந்தேன். நடுங்கவில்லை இந்து. பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கி, ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் முதற்கொண்டு எல்லாருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார்கள். மகளுக்கு நல்ல காரியம் என்றேன். கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார்கள், நினைக்கட்டும்.

அத்தையைப் பற்றிக் கவலைப்படாதே. வீட்டைக் காலி பண்ணு என்று அவர் குதித்தாராம், வக்கீலம்மா விசாரித்ததில் அது உன் தாத்தா எழுதிவைக்காமல் இறந்துபோன வீடு, மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. இப்போது மதினி தன் பாதியில் முருங்கை நட்டுக்கொண்டிருக்கிறாள். என் சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். மாமா ராணுவத்திலிருந்து கொண்டுவந்த முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வைத்தியரிடம் போகச் சொன்னால் அதிகாலையில் நடந்து காட்டுகிறார். பணத்தில் எனக்கு ஒன்றும் அனுப்பாதே. உன்னை வளர்த்தது என் சம்பளம், அதில் வேறு யார் காசும் கலக்க வேண்டாம். நர்சிங் ஆசை இன்னும் இருக்கிறதா, இல்லை வேலையில் இருந்துகொண்டே வேறு படிக்கிறாயா, எதுவானாலும் அது உன் பணம், உன் இஷ்டம். ஒரு நல்ல கம்பளி மட்டும் முதலில் வாங்கிக்கொள். சாக்ஸை ஈரத்தோடு போடாதே, காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, ஜெபத்தை விடாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, நீ நிற்கிற இடத்தில் தலைநிமிர்ந்து நிற்க வைப்பாராக. பயிற்சி முடிகிற அணிவகுப்புத் தேதி தெரிந்ததும் உடனே எழுது, எனக்கும் அத்தைக்கும் சேர்த்து டிக்கெட் போட வேண்டும், அவளும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எந்த வரிசையில் நிற்பாய் என்பதையும் எழுது, எல்லாரும் ஒரே உடுப்பில் இருப்பீர்களே. அணிவகுப்பில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மாமா சொல்கிறார். நான் கூப்பிட்டுவிட்டாலும் திரும்பாதே. நீ நேரே பார்த்து நட, உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
பரிபூரணம்