பதினோராம் படியில் கைப்பிடி இல்லாதது குறித்து

அனுப்புநர்
ஒனேலியா பெத்தான்கூர் ரோக்கே,
214, மெர்செட் தெரு, மேல்தளம், நான்காம் கதவு,
பழைய ஹவானா.

பெறுநர்
பிரிவுத் தலைவர் அவர்கள்,
முற்றங்கள், படிக்கட்டுகள் பராமரிப்புப் பிரிவு,
பழைய ஹவானா.

பொருள்: சர்வதேச நடன விழாவின்போது படிக்கட்டிலிருந்து விழுந்த என் கணவர் வீடு திரும்புமுன் கைப்பிடி அமைத்துத் தரவும், நடனக் கலைஞர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கவும் வேண்டுதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 22 ஏப்ரல் 2019.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே படிக்கட்டைப் பற்றி நான் எழுதும் ஐந்தாவது மனு இது. முந்தைய நான்கிலும் "யாராவது விழுந்துவிடக்கூடும்" என்று எழுதியிருந்தேன். இம்முறை அந்த வரியை மாற்ற வேண்டியிருக்கிறது.

1. எங்கள் கட்டடத்தில் பதினான்கு குடும்பங்கள். மேல்தளத்துக்கு ஒரே படிக்கட்டு, இருபத்து மூன்று படிகள். ஒன்பதாம் படி முதல் பதின்மூன்றாம் படி வரை கைப்பிடி இல்லை. 2016 அக்டோபர் புயல் மழையில் விழுந்தது.

2. நான்காவது மனுவுக்குப் பலனாக, இந்த ஏப்ரல் 8 அன்று தங்கள் கொத்தனார் குழு வந்தது. சிமெண்டையும் இரும்புக் கம்பியையும் முற்றத்தில் இறக்கினார்கள். அதே நேரத்தில், புதன் முதல் ஞாயிறு வரை எங்கள் முற்றத்தில் நடக்கவிருந்த நடனத்தின் அமைப்பாளரும் வந்திருந்தார். அவர் உடைந்த கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "இது மூச்சு விடுகிறது, இதைத் தொடாதீர்கள்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டுக்கொண்டார். குழுத் தலைவர் ரெய்னேரியோ என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். "நான் என்னம்மா பண்றது? வெளிநாட்டுக்காரர் ஓட்டையப் பாத்துக் கண்ணு கலங்குறாரு. அஞ்சு நாள்தானே, முடிஞ்சதும் வந்து பூசிடறேன்." சிமெண்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அவரை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டதாக அறிகிறேன்.

3. விழாக்காரர்கள் எல்லாக் குடும்பங்களிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நிகழ்ச்சியின்போது நாங்கள் கண்ணில் பட்டால் "காட்சியின் பகுதியாக" ஏற்றுக்கொள்ளச் சம்மதம் என்று அதில் இருந்தது. வானொலி போடக்கூடாது, தாழ்வாரத்தில் பேசக்கூடாது, தண்ணீர்ப் பம்பை ஓட்டக்கூடாது என்பதற்கும் சம்மதித்தோம். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்தானே என்றுதான் சம்மதித்தோம்.

4. ஏப்ரல் 11 வியாழன், எங்களுக்குத் தண்ணீர் முறை நாள். நான் தினமும் எழுதும் குறிப்பேட்டில் மாலை நான்கு முதல் ஆறு என்று இருக்கிறது. பம்பு ஓடாததால் மேல்தளத் தொட்டி நிறையவில்லை. அடுப்பில் கருப்பு பீன்ஸ் இருந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னது நான்தான். என் கணவர் எவேலியோ மார்ட்டின் சோசா, வயது 71, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வாளிகளுடன் ஏறும்போது, பதினோராம் படியிலிருந்து முற்றத்துக் கல்தளத்தில் விழுந்தார். அப்போது ஐந்தரை மணி. முற்றத்தில் சுமார் அறுபது பார்வையாளர்கள் இருந்தார்கள்.

5. ஒருவரும் அவரைத் தொடவில்லை. வட்டமாக இடம் விட்டு நின்று, மரியாதையுடன் பார்த்தார்கள். அந்த நடனத்தில் ஆடுகிறவர்கள் அடிக்கடி கீழே விழுவார்கள், வாளியையும் நாற்காலியையும் தலைக்கு மேல் தூக்குவார்கள். ஆகவே இதுவும் அதில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். "தூக்கி விடுங்க" என்று அவர் சொன்னதையும் வசனம் என்று எடுத்துக்கொண்டார்கள். மார்யா என்ற பின்லாந்து நாட்டு நடனப் பெண் அவர் அருகில் வந்து, அதே மாதிரி கால் மடங்கப் படுத்துக்கொண்டாள். அப்படிப் படுத்ததால்தான் அவர் முகத்தை அவளால் பக்கத்தில் பார்க்க முடிந்தது. முதலில் கத்தியது அவள்தான். அவள் மேல் எனக்குப் புகார் இல்லை. ஊர் திரும்பும்வரை தினமும் மருத்துவமனைக்கு வந்தாள். இவர் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை இவருக்குத் தெரியாது, ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

6. கீழ்தளத்து மிக்தாலியா தன் வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து, அதில் அவரைக் கிடத்தினாள். நால்வர் கதவைத் தூக்கியபோது பார்வையாளர்கள் கை தட்டினார்கள். "தட்டுற கையக் கொண்டாந்து கதவப் பிடிங்கய்யா, நாங்க என்ன சாமி ஊர்வலமா போறோம்" என்று அவள் சத்தம் போட்ட பிறகுதான் கை தட்டுவது நின்றது. மீதி மூன்று நாள் நிகழ்ச்சி வேறு முற்றத்துக்கு மாற்றப்பட்டது.

இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஆண்டவருக்கு நன்றி. அவர் மனம் தளரவில்லை. "நாப்பது வருஷம் கிரேன் ஓட்டுனேன், ஒருத்தன் தட்டல. விழுந்தேன், அறுபது பேரு தட்டுனாங்க" என்று தாதியரிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

7. தங்கள் கடிதத்தில், என் கணவர் "தன் சம்மதத்துடன் கலைப்படைப்பில் பங்கேற்றார்" என்றும், ஆகவே இதைக் கட்டடக் குறையால் நேர்ந்த விபத்தாகக் கருத இயலாது என்றும், கொத்தனார் குழு வரிசைப்படி செப்டம்பரில் வரும் என்றும் உள்ளது. ஆதாரமாகப் பார்வையாளர் ஒருவர் எடுத்த காணொளியைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். விழா முடிந்து அச்சிட்ட நன்றிப் பட்டியலிலும் அவர் பெயர் கலைஞர்களுக்கு நடுவே இருக்கிறது.

8. அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். அவர் கீழே கிடக்கும் நேரம் நான்கு நிமிடம் பத்து விநாடி. இரண்டாம் நிமிடத்திலிருந்து, மேல்தாழ்வாரத்தில் கரண்டியுடன் ஒரு பெண் நிற்பது தெரிகிறது. அது நான். தாங்கள் அதைக் குறிப்பிடவில்லை, நான் குறிப்பிடுகிறேன்.

ஒத்திகை நாட்களில் அவர் நடனக்காரர்களிடம் "என்னையும் சேத்துக்கோங்க, எனக்கு மட்டும் இடுப்பு இல்லையா" என்று விளையாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் அவர் கிடப்பதைப் பார்த்ததும், சேர்ந்தே விட்டார் என்று நினைத்தேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா, அதுவும் நல்ல கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, என்று கோபம் வந்தது. அவர் "ஒனேலியா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். காணொளியில் தெளிவாகக் கேட்கிறது. நான் பதில் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். கோப்பிலும் இருக்கட்டும். நாற்பத்தாறு வருடம் உடன் வாழ்ந்த எனக்கே தெரியவில்லை. அறுபது பேரை நான் எப்படிக் குற்றம் சொல்வது? ஆனால் கைப்பிடி இருந்திருந்தால், யாரும் எதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்திருக்காது.

9. மே 13 திங்கள் அன்று அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஊன்றுகோல் ஒரு கையில், கைப்பிடி மறு கையில் என்றுதான் படி ஏறப் பழக்கியிருக்கிறார்கள். கைப்பிடி இல்லாத வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், முதியோர் காப்பகத்தில் இடம் கேட்டு எழுதுவோம் என்கிறார் மருத்துவர். இப்போது அந்த ஐந்து படிகளிலும் கொடிக்கயிறுதான் இருக்கிறது. குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையை அதில் முடிந்திருக்கிறேன். ஓலையின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அது ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது.

ஆகவே தங்களைப் பணிந்து கேட்பது:

கொத்தனார் குழுவை மே 13க்கு முன் அனுப்ப வேண்டும். சிமெண்ட் இல்லையென்றால் மரத்தால் ஆன கைப்பிடியாவது போதும்.

என் கணவர் ஆடவில்லை, விழுந்தார் என்று கோப்பில் திருத்தி எழுத வேண்டும். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் சம்மதித்துவிட்டார்.

அடுத்த ஆண்டும் விழா வரட்டும், முற்றத்தைத் தருகிறோம். தொடங்குமுன் ஒரே ஒரு வரியை மட்டும் உரக்கச் சொல்லச் செய்யுங்கள்: யாராவது விழுந்து கூப்பிட்டால் போய்த் தூக்குங்கள், நடனம் கெட்டாலும் பரவாயில்லை. மேலே நிற்கும் வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

பதின்மூன்றாம் தேதி தண்ணீர் முறை இல்லாத நாள். வாளியுடன் யாரும் ஏறி இறங்க மாட்டார்கள். படிக்கட்டு அவருக்காகக் காலியாக இருக்கும்.

இடம்: பழைய ஹவானா
நாள்: 29 ஏப்ரல் 2019

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
(ஒப்பம்) ஒனேலியா பெத்தான்கூர் ரோக்கே