ரம்யாவின் மகளுக்குத் தைத்தது

2023 ஜூன் 11, ஞாயிறு

காலையில் ரம்யா கவுஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். இப்படி மலைப் பாதையில் குலுங்கிக்கொண்டு வரலாமா என்று திட்டினேன். “ஒன்பது வருஷம் கழிச்சு வந்திருக்கு. அதுக்குக் குவில்ட்டுத் துணி நானே எடுக்கணும்டி” என்றாள். கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினோம். வெளிர் ஊதாவில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ போட்டது. அது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்தது. நடுவில் ஒரு முயல் வேண்டுமாம், ஒரு காது மடிந்திருக்க வேண்டுமாம். ஹாஸ்டலில் நாங்கள் படித்தபோது பின்னால் வளர்த்தார்களே, அந்த முயல் மாதிரி.

பள்ளிக்கூடத் தையல் அறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இந்தக் குவில்ட் வேலை கற்றுக்கொண்டேன். ஒட்டுத்துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, கையால் தைக்கிற குழந்தைப் போர்வை. தோழிகள் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் ஒன்று. இது ஏழாவது.

ஜூலை 2

முயலின் காது சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை பிரித்தேன்.

ஆகஸ்ட் 14

முடிந்தது. துவைத்துப் போட்டு மூன்று நாளாகியும் வெயில் இல்லை. கடைசியில் அடுப்படியில் கட்டித்தான் காய வைத்தேன். லேசாகப் புகை வாசம். பிறப்பதற்கு முன்னால் குழந்தைச் சாமான் வீட்டுக்கு வரக்கூடாது என்று ரம்யாவின் மாமியார் சொல்லிவிட்டாராம். பீரோவில் வைத்திருக்கிறேன். போனில் சொன்னேன், முடிந்துவிட்டது, காதும் மடிந்துவிட்டது என்று. சிரித்தாள்.

ஆகஸ்ட் 29

ரம்யாவின் வீட்டுக்காரர் மயில்சாமி அண்ணன் போன் செய்தார். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். “ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க” என்றார்.

செப்டம்பர் 1

போய்விட்டது. மூன்று நாள் இருந்திருக்கிறது.

செப்டம்பர் 5

என் வீட்டுக்காரர் வேனை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, “கெளம்பு, கவுஞ்சிக்குப் போய்ட்டு வந்துருவம்” என்றார். பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை. என்ன சொல்லி அவள் முகத்தைப் பார்ப்பது? பீரோவில் அது வேறு இருக்கிறது. எடுத்துப் போவதா, போகாமல் விடுவதா? இவர் வேனைத் திருப்பி உள்ளே விட்டார்.

செப்டம்பர் 23

போன் போட்டேன். மணி அடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன்.

நவம்பர் 19

பெருமாள்மலையில் நதியாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். அவளும் எங்களோடு ஹாஸ்டலில் இருந்தவள்தான். அவளுக்கென்று நான் இன்னும் ஒரு துணிகூட வெட்டவில்லை. ரம்யாவின் செய்தி வந்த பிறகு ஊசியைத் தொடவே இல்லை.

பீரோவில் இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

எழுதிவிட்டுப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஆனால் துணிதானே? யார் உடம்பிலும் படாத துணி. தினமும் பீரோவைத் திறக்கும்போது அது தெரிந்துகொண்டே இருந்தது. நதியா பிரித்துப் பார்த்து, “முயலுக்கு ஒரு காது மடங்கியிருக்கு பாரு” என்று தன் மாமியாரிடம் காட்டினாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்காகத் தைத்தது என்று அவர்களுக்குத் தெரிந்தால் தொடுவார்களா? மாட்டார்கள். தெரிந்தேதான் கொடுத்தேன்.

2024 ஜனவரி 18

இன்று ரம்யா வந்தாள்.

கதவைத் திறந்தால் நிற்கிறாள். பாதியாக இளைத்திருந்தாள். “உள்ள வரலாமாடி” என்றாள். அவள் அப்படிக் கேட்டதே இல்லை, நேராக அடுப்படிக்குத்தான் போவாள். ஏன் வரவில்லை என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அந்தக் குவில்ட்டு இருக்கா?”

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“எங்க அத்த எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டாங்க. ரெண்டு சட்ட, ஒரு குல்லா. பாத்தா அழுவேன்னுதான் குடுத்தாங்க, அவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. போட்டோகூட எடுக்கல. அவ பேருல ஒண்ணுமே இல்ல ஜெயா. நீ தச்சது ஒண்ணுதான் இருக்குன்னு நெனப்பு. அத வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

நான் சொன்னேன், முடிக்கவே இல்லை என்று. துணியை வேறு எதற்கோ வெட்டிவிட்டேன் என்று.

என்னைப் பார்த்தாள். முடிந்துவிட்டது என்று போனில் சொன்னது நான்தானே. “சரி விடு” என்றாள். “மேகம் போட்டுருச்சு, வெரசாப் போகணும்.” பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன்.

ஏன் சொன்னேன்? உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஜனவரி 20

அந்த ஊதாத் துணியைத் தேடிக் கடைத்தெரு முழுக்க அலைந்தேன். எங்கும் இல்லை. கிடைத்திருந்தால் மட்டும்? அதே மாதிரி ஒன்று தைத்து, இதுதான் அது என்று கொடுத்திருப்பேன். இன்னொரு பொய்.

நதியாவிடம் திருப்பிக் கேட்கலாம். என்ன காரணம் சொல்லிக் கேட்பது?

பிப்ரவரி 25, ஞாயிறு

நதியா பையனுக்குப் பேர் வைக்கிற விசேஷம். கோகுல். ரம்யா வர மாட்டாள் என்று நினைத்துத்தான் போனேன். குழந்தை வீட்டு விசேஷத்துக்கு அவளுக்கு எப்படி மனசு வரும் என்று. வந்திருந்தாள். எனக்கு முன்னாலேயே.

பையனைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவன் மேல் போர்த்தியிருந்தது அந்தக் குவில்ட்தான்.

ரம்யா கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். முயலின் மடிந்த காதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து மறுபடி மடித்துவிட்டாள். நதியா, “நம்ம ஜெயா தச்சது. நல்லாருக்குல்ல?” என்றாள்.

“ம். நல்லாருக்கு. குளிருக்கு அடக்கமா இருக்குமே.”

பிறகு பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் வைத்திருந்தாள். நான் சுவரோடு நின்றேன்.

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் அவளுக்குப் பின்னால் போனேன். “ரம்யா” என்றேன். அவள் திரும்பாமலே குழாயை மூடினாள்.

“குடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. நான் என்ன அடிச்சா புடுவேன்? நீ வரல, அதுக்குக்கூட மனசத் தேத்திக்கிட்டேன். எல்லாருக்குந்தான் பயம். ஆனா எம்புள்ளைக்கு நீ ஒண்ணுமே தைக்கலன்னு சொன்ன பாரு...”

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “நதியாகிட்ட ஒண்ணும் சொல்லிராத. அவ பயந்துருவா. அந்தப் புள்ளைகிட்டயே கெடக்கட்டும்” என்றாள்.

மார்ச் 10

கவுஞ்சிக்குப் போனேன். அன்று வேன் நின்ற நாளுக்கு ஆறு மாதம் கழித்து. பூண்டு எடுப்பு நடக்கிறது. மயில்சாமி அண்ணன், “வாங்கம்மா” என்றார். ரம்யா பூண்டைக் கட்டுக்கட்டாக முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் முடிந்தேன். மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்றாள், ஜனவரியில் சொன்ன அதே மாதிரி.

பிள்ளைக்குப் பேர் வைத்தீர்களா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

“நானா ஒண்ணு வச்சிருக்கேன்” என்றாள். “ஒங்கிட்ட சொல்ல மாட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், கிளம்பும்போது ஒரு பை பூண்டும் கொடுத்தாள்.

ஜூன் 3

தையல் அறையில் கூட வேலை பார்க்கிறவள் தன் தங்கச்சி குழந்தைக்கு ஒரு குவில்ட் கேட்டாள். கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

2025 ஆகஸ்ட் 17

ரம்யாவுக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறதாம். நதியா சொல்லித்தான் தெரியும். “ஒனக்குத் தெரியாதா?” என்று ஆச்சரியப்பட்டாள். தெரியும் என்றேன்.

அக்டோபர் 26

பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் ரம்யாவைப் பார்த்தேன். தோளில் குழந்தை. கடையில் வாங்கிய நீலப் போர்வை சுற்றியிருந்தாள். ஊசி போட்டுவிட்டுத் திரும்புகிறார்களாம். மயில்சாமி அண்ணன் கடையில் எதுவோ வாங்கிக்கொண்டிருந்தார். அவள்தான் முதலில் பார்த்தாள். சிரித்தாள், நல்ல சிரிப்புதான்.

“வாங்க. நல்லாருக்கீங்களா?” என்றாள்.

யாரையோ கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

பிள்ளை உங்க வீட்டுக்காரர் ஜாடை என்றேன். ஆமாம், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாள். குளிர், தூக்கம், தடுப்பூசிக் காய்ச்சல் என்று ஏதேதோ பேசினோம். பஸ் வந்தது. குழந்தையின் தலையை மூடிவிட்டு, “வர்றேங்க” என்றாள்.

“சரிங்க” என்றேன் நானும்.